எதிராளிக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பது. ஜொகூர் பாரு நீதிமன்ற வாசல் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், பக்கத்தில் ரப்பர் சிலிப்பரோடு நின்றவரிடம் கேட்டார்:

"உங்க காலு என்ன சைஸ்?"

"ஒன்பது. ஏன்?"

"சிலிப்பரோட உள்ள விடமாட்டாங்க லா."

"அலமாக், ஐயோ! ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாங்களே!"

"நீங்க வரலன்னா எனக்கே தீர்ப்பு. என் நிலத்துல தள்ளிப் போட்ட உங்க வேலியைப் பிடுங்கிடலாம்."

"அதுக்குத்தானே கேஸ் போட்டீங்க? சந்தோஷமா இருங்க."

"மோட்டார் சைக்கிள்ல என் பேக்டரி பூட்ஸ் இருக்கு. சைஸ் எட்டுதான். போட்டுக்குங்க."

"எனக்கா? எதுக்கு?"

"நீங்க இல்லாம ஜெயிச்சா, 'நான் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்'னு தினம் வேலியோரம் நின்னு சொல்வீங்க. உள்ள வந்து தோத்துப் போங்க."

எட்டு ஐம்பத்திரண்டுக்கு இருவரும் சோதனையைத் தாண்டினார்கள்.

"ரொம்ப இறுக்குதுங்க."

"அப்ப சீக்கிரம் ஒத்துக்குங்க."