தூக்குப் பாலத்தின் இரண்டாவது பின்

என் பெயர் ராபர்ட், வயது 54, த/பெ தேவசகாயம். பரங்கிப்பேட்டையில் குடியிருக்கிறேன். ஆற்றின் மேல் உள்ள பழைய ரயில் தூக்குப் பாலத்தில் இருபத்தேழு வருடமாகப் பாலத்தைத் தூக்கி இறக்கும் கலாசியாக வேலை பார்க்கிறேன்.

அந்தப் பாலம் வெள்ளைக்காரன் காலத்தில் உப்புத் தோணிகள் போய்வருவதற்காகக் கட்டியது. ரயில் நின்று பத்து வருடம் ஆகிறது. இப்போது ஜனங்கள் நடந்து போகிறார்கள், பெரிய படகு வந்தால் நடுப்பகுதியைக் கைச்சக்கரம் சுற்றித் தூக்குகிறோம். சக்கரத்தில் ஓர் இரும்புப் பின் செருகினால்தான் பாலம் எழும்பும். பல்சக்கரக் குழிக்குள் கிரீஸ் போட இறங்குகிறவர் அந்தப் பின்னை இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்க வேண்டும், அவர் ஏறி வரும்வரை யாரும் சுற்ற முடியாது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்த வழக்கம் இது. அதனால் இந்த விபத்துக்கு முன்னால் ஒருவர் விரல்கூட நசுங்கியதில்லை.

என்னுடன் வேலை பார்க்கும் கொளஞ்சிக்கு மறதி ஜாஸ்தி. போன வருடம் பின்னை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு புவனகிரியில் உள்ள வீட்டுக்குப் போய்விட்டார், படகுக்காரர்களிடம் மூன்று மணி நேரம் வசவு வாங்கியது நான். அதன் பிறகு யாரிடமும் சொல்லாமல் பட்டறையில் அதே அளவில் இன்னொரு பின் செய்து என் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு படகு வந்து ஹாரன் அடித்தது. பின்னைக் காணவில்லை, கொளஞ்சியின் பைக்கும் இல்லை. மறுபடியும் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பின் கிடைத்துவிட்டது என்று இன்னொரு கலாசி அன்புமணியிடம் சொல்லி, என்னுடையதைச் செருகி இருவரும் சுற்றினோம். நாலாவது சுற்றில் சக்கரம் இறுகியது. அதன் பிறகு கீழேயிருந்து, “மச்சான், நிறுத்துடா!” என்று கொளஞ்சியின் சத்தம் வந்தது. பிடியை விட முடியாமல் நின்றேன். பைக்கை அவர் மனைவி சௌந்தரம் எடுத்துப் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பின் தன்னிடம் இருக்கிற தைரியத்தில், ஹாரன் கேட்டும் கொளஞ்சி ஏறி வரவில்லை.

அதன் பிறகு அவரை மேலே தூக்கினோம். வலது கை மணிக்கட்டு வரை போயிருந்தது. பின் இடுப்பில் இருந்தது. கண்ணை மூடிக் கிடந்தார். அன்புமணி ஆம்புலன்சைக் கூட்டிவர ரோட்டுக்கு ஓடிய நேரத்தில், வேலை போய்விடும், ஜெயிலுக்குப் போவேன் என்ற பயத்தில் அந்தப் பின்னை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன். கொளஞ்சி பின்னை எடுக்காமலே இறங்கிவிட்டார் என்று போலீஸ் விசாரணையில் உங்களிடம் முதலில் சொன்னது பொய்.

நேற்று கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொளஞ்சி, “பின்ன எடுக்க மறந்துட்டேன்னு நானும் சொல்லிட்டேன் மச்சான், பயப்படாத. நீ உருவுனப்ப எனக்கு நெனவு இருந்துச்சு” என்றார். அப்போதிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஜெயிலைவிட அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கத்தான் இப்போது பயமாக இருக்கிறது.

யாரும் மிரட்டாமல் நானே சொன்னேன். படித்துக் காட்டக் கேட்டேன், நடந்தது இதுதான். பின்கள் இரண்டையும் ஒப்படைக்கிறேன். தேய்ந்து போனது கொளஞ்சி இடுப்பில் இருந்தது. புதியது என்னுடையது. கொளஞ்சி உங்களிடம் சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒப்பம்: தே. ராபர்ட்