மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு ட்ரோன்

மகளை அழைத்துவர விமான நிலையத்துக்குப் புறப்பட்டவள், தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறினேன். எதிரே கல்யாண வீடியோ எடுக்கும் இளைஞர், மடியில் ட்ரோன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் ஸ்பீக்கரில் கல்யாணப் பெண்ணின் அப்பா பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"பிளேன் வந்தா ஓரங்கட்டிக்கோப்பா. ரெண்டு நிமிஷம்தானே."

என் மகள் அப்போது வானத்தில் இருந்தாள்.

"ஓரங்கட்றதுக்கு இது இன்னா ஷேர் ஆட்டோவா சார்? மண்டபம் ஏர்போர்ட் பக்கத்துல கீது. ட்ரோன் மேப்புல அந்த ஏரியா மொத்தமும் சிவப்பு. அனுமதி இல்லாம ஓரடி கூட ஏத்தக் கூடாது."

"மாப்பிள்ளை அழைப்ப மேலேந்து எடுக்கிறோம்னு சம்பந்தி வூட்ல சொல்லிட்டேன்பா. மூத்தவ கல்யாணத்துல நீதானே எடுத்த?"

"அது மதுராந்தகம் தாண்டி சார். அங்க ஏது ஏர்போர்ட்டு?"

"அப்போ நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கோங்க சார். அழைப்பு எத்தினி மணிக்கு?"

"ஆறு."

"துபாய்லேந்து உங்க புள்ள எப்போ எறங்குறாரு?"

"அவனும் ஆறு மணிக்குத்தான்..."

சைதாப்பேட்டையில் கதவு திறந்து மூடியது.

"சரி, பொட்டியத் தொறக்காத. மண்டபத்துல ஏணி கீதான்னு கேக்குறேன்."