பழுப்பு ஏறாத கட்டி

— கையை ஏன்டா மறைக்கிற? விரல்ல என்ன நீலம்?

— க்ளவுஸ் கிழிஞ்சிடுச்சுக்கா. லேப் சாயம்.

— அப்போ இன்னைக்கு என்னோடதைத்தான் பார்த்திருக்க.

— டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி நான் வாயத் திறக்கக் கூடாது.

— திறக்காத. உன் காதே சொல்லிடும். பொய் சொன்னாலும் சிவக்கும், மறைச்சாலும் சிவக்கும். இப்ப ரெண்டும் தக்காளி. சொல்லு சாமி, ரொம்ப மோசமா?

— இல்லக்கா. அதாவது... ஆபரேஷன்ல எடுத்த உன் குடல் கட்டியை மெல்லிசாச் சீவி, கண்ணாடியில ஒட்டி சாயம் போட்டேன். செல்லுக்குள்ள ஒரு புரதம் இருக்கான்னு பார்க்க. இருந்தா பழுப்பு ஏறும்.

— ஏறுச்சா?

— சுத்தி இருக்கிற நல்ல செல்லுல எல்லாம் ஏறியிருக்கு. கட்டி மட்டும் வெறும் நீலம்.

— ஐயோ.

— ஐயோ இல்ல! உன்னோடது இன்னும் வெளியே பரவல. இந்த நிலையில, அந்தப் புரதம் இல்லாத கட்டி திரும்பி வர்றது குறைவு. கீமோவே வேணாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க.

— நிஜமாவா? முடி தப்பிச்சுதா?

— தப்பிச்ச மாதிரிதான்.

— அப்புறம் என்னடா, நல்ல சேதி சொல்ற மூஞ்சியா இது? லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் மாதிரி நிக்கிற.

— அந்தப் புரதம் ஏன் இல்லன்னு பார்க்கணும்க்கா. அதாவது, செல் பெருகும்போது வர்ற பிழையைத் திருத்துறதே அதுதான். சில குடும்பத்துல பொறக்கும்போதே அதுல கோளாறு இருக்கும்.

— குடும்பத்துலன்னா?

— அப்பா மூலம், மூலம்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேர்ந்தாரே. அது மூல வியாதி இல்ல, இதே மாதிரி குடல் கட்டிதான்னு தோணுது.

— அப்போ என் பொண்ணுக்கு?

— உனக்கு அந்தக் கோளாறு இருந்தா, அவளுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். இருந்தாலும் அடிக்கடி உள்ள கேமரா விட்டுப் பார்த்துக்கிட்டா முன்னாடியே பிடிச்சிடலாம்.

— இப்பதான்டா காலேஜ் சேர்ந்திருக்கா. நீ?

— நானும் பார்க்கணும்.

— காது சிவக்கவே இல்ல. நிஜத்தைத்தான் சொல்ற.

— அக்கா, கண்ணைத் துடை. டீ வாங்கப் போனவ வந்துடுவா.

— வந்துட்டா. கேக்குது பாரு, ரெண்டு ரெண்டு படியாத் தாண்டுறா. டீயெல்லாம் படியிலதான் இருக்கும்... டேய், சாயம் சரியாப் பிடிக்காம இருந்திருக்குமோ?

— அந்தச் சந்தேகத்துலதான் மறுபடியும் போட்டேன். ரெண்டு தடவையும் அதேதான். பக்கத்து நல்ல செல்லுல ஏறியிருக்கே, சாயத்துல குத்தமில்ல.

— பழுப்பு ஏறியிருந்தா எனக்கு என்ன ஆகும்?

— கீமோ வேண்டியிருக்கும். திரும்பி வருமோங்கிற பயமும் கூட.

— எனக்கு மட்டும்தானே?

— பெரும்பாலும் உனக்கு மட்டும்தான்.

— அப்போ இன்னொரு தடவை போடு சாமி. இந்தத் தடவை பழுப்பு ஏறட்டும்.