வாடகைச் செடிகளுக்கு மயங்காத குழாயக்காவுக்கு

சாய ஆலையின் சத்தியமே! கழிவுநீர்க் குழாயின் கண்ணயராக் காவலே! கடல் கடந்த வணிகர் மதிக்க, கடைசித் தொட்டித் தொழிலாளியும் "குழாயக்கா" என உரிமையோடு கூப்பிட, முகம் கோணாமல் திரும்பிப் பார்த்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் சுற்றுச்சூழல் அலுவலரே! வணக்கம்.

எந்தச் சட்டமும் கேளாமல், எவரும் வற்புறுத்தாமல், நாமாகவே முன்வந்து இயற்கையைக் காக்கிறோம் என்று நம் வாசலில் பசுமை முத்திரைப் பலகை பளபளத்தது. முத்திரை இருந்தால் வெளிநாட்டில் துணிக்கு விலை கூடும் என்பதை எழுதத்தான் அதில் இடம் போதவில்லை. ஆய்வாளர் வரும் தேதி முன்பே தெரியும். முதல் நாள் வாடகைச் செடிகள் வந்திறங்கும். மறுநாள் மட்டும் சுத்திகரிப்பு இயந்திரம் உறுமும்.

நீங்களோ தினமும் காலையில் வெளியேறும் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து மேலாளர் மேசையில் வைத்தீர்கள்.

"என்னம்மா இது, காலங்கார்த்தால?"

"ராத்திரி மெஷினை நிறுத்தச் சொன்னீங்கல்ல சார், அதோட நிறம்."

சென்ற ஆய்வன்று, இயந்திரம் ஓயாது ஓடுவதாக மேலாளர் முழங்கிக்கொண்டிருக்க, வரவேற்புப் பானம் என்றெண்ணி மேசையிலிருந்த அந்தச் செந்நிறக் குவளையை ஆய்வாளர் உதட்டருகே கொண்டுபோனார். பாய்ந்து பறித்தீர்களே, பண்பின் சிகரமே!

"ஐயோ, குடிச்சிடாதீங்க! எங்க கழிவுநீர் அது!"

முத்திரை பறிபோனது. ஆர்டர்கள் நின்றன. இரண்டு ஷிப்டு ஒன்றாகச் சுருங்கியது.

"ஒரு மடக்கு குடிச்சிருந்தா அந்த மனுசன் செத்தா போயிருப்பாரு?" என்று கேண்டீனில் பொருமினார் சாயத்தொட்டி அண்ணன்.

"நீங்க குடிச்சுக் காட்டுங்கண்ணே, நான் இன்னைக்கே வேலைய விடுறேன்" என்றீர்கள். அண்ணன் கையிலிருந்த தேநீரையும் குடிக்காமல் எழுந்து போனார்.

பிறகு, துணி வாங்குவோரிடமும் முத்திரை தருவோரிடமும் தொலைபேசியில் கெஞ்சியும் அதட்டியும் எங்கள் பிழைப்புக்காக மறு ஆய்வு பெற்றுத் தந்ததும் நீங்களே.

சாய நெடி நீங்கிய காற்றும், முழங்கால் வலி மறந்த நடையும், பேத்தியோடு சண்டை போடத் தெம்பும் பெற்று நெடுங்காலம் வாழ்க!

சுவர்க்கடிகாரம் நிர்வாகத்தின் பரிசு. எங்கள் பரிசு வேறு. மறு ஆய்வுக்கு எந்தத் தேதியில் வரலாம் என ஆய்வாளர் கேட்டிருந்தார். "சொல்லாமல் வாருங்கள்" என்று நாங்கள் அனைவரும் கூடிப் பதில் அனுப்பிவிட்டோம். மேலாளர் ஐயாவுக்கு இது இப்போது, இந்த மடலை மேடையில் வாசிக்கும்போதுதான் தெரியவருகிறது. ஐயா, தயவுசெய்து உட்காருங்கள்.

இனி ஒரு நாளும் இயந்திரத்தை நிறுத்தத் துணியாத,
ஆலை ஊழியர்கள்