ஒட்டுவாரொட்டி

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவர் மடியில், பழைய சேலையில் பொதிந்த கம்ப்யூட்டர் பெட்டி ரிப்பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸ் குலுங்கியபோது அதைப் பிடிக்க அவள் கை நீட்டினாள்.

"தொடாத. வைரஸு ஏறின பொட்டி. வாயும் வயிறுமா இருக்கவ."

அவள் சிரிக்கவில்லை.

"அது மனுசருக்கு ஒட்டாதுங்க. யாரோ எழுதி விடுற புரோகிராமு. நோயி மாதிரி பரவுறதால அந்தப் பேரு."

"வெறும் எழுத்துன்னா மெசினு எப்பிடிச் செத்துச்சு? உள்ள எரிச்சுப்புடுச்சா?"

"எரிக்கலங்க. ஆன் பண்ணுனதும் என்ன செய்யணும்னு உள்ள ஒரு சிப்புல எழுதி வச்சிருப்பாக. இந்த வைரஸு அத அழிச்சிருச்சு. பொட்டிக்கு எந்திரிக்கத் தெரியல, அம்புட்டுத்தான்."

"தேறிருமா? அதுல டைப் அடிக்கையிலதான நீ சந்தோசமா இருக்க."

"சிப்புல திரும்ப எழுதிட்டா எந்திரிச்சிரும். இல்லைனா சிப்ப மாத்திருவாக."

அவர் பெட்டியை அவள் பக்கம் லேசாக நகர்த்தினார். அவள் அதன்மேல் கை வைத்துக்கொண்டாள்.

அருப்புக்கோட்டையில் இறங்கும்போது பெட்டியைச் சுற்றிய சேலை விலகி, உள்ளேயிருந்து ஒரு வேப்பங்கொத்து படியில் விழுந்தது. அம்மை கண்டவர் பக்கத்தில் வைப்பதுபோல அவர்தான் வைத்திருக்க வேண்டும். எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து அதை எடுத்தாள். தூசியை ஊதிவிட்டு, மறுபடியும் பெட்டியின் சேலைக்குள்ளேயே சொருகினாள்.