இருக்காம்

வெள்ளி கறுத்துப்போவது இயல்பு, மேடம். பலர் அதைப் பார்த்துவிட்டு, ஏமாந்துவிட்டோம் என்று பதறிக்கொண்டு என் கடைக்கு ஓடி வருவார்கள். பல்பொடியைத் தொட்டு ஈரத்துணியால் தேய்த்துக் காட்டி, நல்ல சரக்குதான், பயப்படாமல் போங்கள் என்று அனுப்பிவைப்பேன். அதற்கு ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை. உங்கள் ஸ்டேஷன் மேஜைமேல் இருக்கும் சின்ன வெள்ளிப் பிள்ளையாரும் கறுத்திருக்கிறார். அவருக்கும் பல்பொடி போதும்.

பேசச் சொன்னால் நான் சுற்றி வளைப்பேன், எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். நீங்களும் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டுக் கொடுத்தீர்கள். ராஜபாளையத்தைவிட ஸ்ரீவில்லிபுத்தூரில் வெக்கை கொஞ்சம் கூடத்தான். மாரிச்செல்வி செத்துப்போன அன்று மத்தியானம், அவள் போனிலிருந்து எனக்கு வந்த ஒரு அழைப்பைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நாற்பது விநாடி. அதற்கு வருகிறேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால்தான் அந்த நாற்பது விநாடி உங்களுக்குப் புரியும்.

என் பெயர் ஆண்டிச்சாமி. ராஜபாளையத்தில் இருபத்தாறு வருடமாக டச் கடை வைத்திருக்கிறேன். நகையைக் கல்லில் உரசி, தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சொல்வதுதான் டச் பார்ப்பது. இப்போது அதற்கு மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் மெஷின் சொன்னதை என்னிடம் கொண்டுவந்து காட்டி, 'சரிதானா அண்ணாச்சி' என்று கேட்டுவிட்டுப் போவார்கள். என் வாய்க்கு அவ்வளவு மரியாதை.

'உரைகல்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் நடத்தினேன். ஆலங்குளம், புதுப்பட்டி, மம்சாபுரம் என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தினமும் காலையில் அன்றைய விலையைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே மூன்று கேள்விகளையும் போடுவேன். யார் சொன்னது? அவர் கண்ணால் பார்த்தாரா? சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? தங்கம், வெள்ளி பற்றி என்ன பேச்சு காதில் விழுந்தாலும் இந்த மூன்றையும் கேட்காமல் ஒரு மூக்குத்திகூட வாங்காதீர்கள், விற்காதீர்கள் என்பேன். வீட்டில் இருக்கும் தங்கத்தையெல்லாம் பிடுங்கப்போகிறார்கள் என்று ஒருமுறை புரளி கிளம்பியது. வளையலைக் கழற்றிக்கொண்டு விற்க வந்த பெண்களைத் திட்டித் திருப்பி அனுப்பியவன் நான்தான். வதந்தியைப் போல எனக்கு ஆகாத சாமான் வேறு இல்லை.

மாரிச்செல்வியும் அந்தக் குரூப்பில் இருந்தாள். மம்சாபுரத்தில் வீட்டோடு ஜாக்கெட் தைத்துக்கொடுக்கும் பெண். புருசன் கௌதம்ராஜ் ராணுவத்தில், வடக்கே எங்கோ இருந்தான். கேள்வி கேட்பதில் அவளுக்குச் சமமாக ஒருவரும் இல்லை. கடைக்கு வந்தால், இந்த ஆசிட் என்ன செய்யும், இந்தக் கல் எந்த ஊர்க் கல் என்று தோண்டித் துருவுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை எழுதும்போதும் பிடிக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த மார்கழியில் வெள்ளி விலை தினமும் ஏறிக்கொண்டிருந்தது. நானும் கொஞ்சம் வாங்கினேன். பிறகு நிறையவே வாங்கினேன். வெள்ளிக்கட்டி விற்கும் ஒரு வியாபாரி, நான் ஆள் அனுப்பினால் எனக்கு ஏதோ பார்த்துக் கொடுத்தான். அதில் தப்பில்லை, தொழில். வந்தவர்கள் எல்லாம் 'வெள்ளி இன்னும் ஏறுமா அண்ணாச்சி' என்று கேட்டார்கள். நான் ஒருநாளும் 'ஏறும்' என்று சொன்னதில்லை. 'ஏறுமாம்' என்றுதான் சொன்னேன்.

இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும், மேடம். நம் மொழியில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. கடைசியில் ஒரு 'ஆம்' போட்டுவிட்டால் அது நம்முடைய பேச்சு இல்லை. யாரோ சொன்னது நம் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்கு அள்ளிக்கொண்டு போகிறார்களாம். ஆடிக்குள் இரண்டு மடங்காகுமாம். இதில் எதுவும் பொய்யில்லை. யாரோ சொல்லியிருப்பார்கள்.

ஒருநாள் இதையே குரூப்பிலும் போட்டேன். போட்ட ஐந்தாவது நிமிடம் மாரிச்செல்வி எழுதினாள். 'அண்ணாச்சி, யாரு சொன்னா? அவிய கண்ணால பாத்தாகளா? இதுல உங்களுக்கு என்ன லாபம்னு தெரிஞ்சுக்கலாமா?'

நானூறு பேர் முன்னால் கேட்டாள். என் கேள்வியை எடுத்து என் மேலேயே உரசிப் பார்த்தாள். யாரோ ஒருவர் சிரிக்கிற பொம்மையைப் போட்டார். பிறகு வரிசையாகச் சிரித்தார்கள். எண்பத்திரண்டு பொம்மை வரைக்கும் எண்ணினேன்.

அவள் அன்று நேரில் வந்து மன்னிப்புக்கூடக் கேட்டாள். 'தப்பா எடுத்துக்கிடாதீக அண்ணாச்சி. நீங்க சொல்லிக்குடுத்ததத்தான கேட்டேன்' என்றாள். நான் சிரித்தேன். அப்போது பேச்சுவாக்கில் இரண்டு விஷயம் சொன்னாள். வெள்ளி ஒரு பொட்டுக்கூட வாங்கவில்லையாம், வாங்கப்போவதும் இல்லையாம். புருசனுடைய ராணுவ ட்ரங்குப் பெட்டியில் பழைய தையல் மிஷினின் இரும்புத் தலை ஒன்று கிடக்கிறதாம். ரெண்டு ஆள் பிடித்தால்தான் பெட்டி நகர்கிறது, அதை எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டாள். வைத்திரு, பார்க்கலாம் என்றேன்.

தை பாதியில் விலை சரிந்தது. மாரிச்செல்வி பேச்சைக் கேட்டு வாங்காமல் இருந்தவர்கள் தப்பித்தார்கள். அதற்குப் பிறகு என் கடைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் மம்சாபுரத்துக்குப் போய், ஜாக்கெட் தைக்கிற இடத்தில் உட்கார்ந்து அவளிடம் யோசனை கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

சூர்யபிரகாஷ் தப்பிக்காதவர்களில் ஒருத்தன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பெண்டாட்டி நகையையெல்லாம் விற்று வெள்ளிக்கட்டி வாங்கியிருந்தான். கடைக்குள் வந்து என் உரைகல்லைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான்.

'நீங்க சொன்னீகன்னுதான அண்ணாச்சி வாங்குனேன்.'

'ஏலே, ஏறும்னா சொன்னேன்? ஏறுமாம்னுதான சொன்னேன்' என்றேன்.

அவன் கல்லைக் கீழே வைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பயமாக இருந்தது. அப்போதுதான் அதைச் சொன்னேன்.

'என்னையக் கேட்டு என்னலே செய்ய? ஊர் பூரா வாங்காத வாங்காதன்னு சொல்லி விலைய இறக்கிவிட்டுட்டு, அந்த மம்சாபுரத்துப் பொண்ணு மட்டும் கட்டி கட்டியா அள்ளி வச்சிருக்காளாம். புருசனோட ட்ரங்குப் பெட்டி நிறைய இருக்காம். ரெண்டு ஆளு சேந்தாத்தான் நகட்ட முடியுமாம்.'

மம்சாபுரத்தில் ஜாக்கெட் தைக்கிற ஒரு பெண் உலகச் சந்தையில் வெள்ளி விலையை எப்படி இறக்க முடியும் என்று அவன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கல்லைக் கீழே வைத்தான். 'எம்புட்டு இருக்குமாம்?' என்று கேட்டான். அது எனக்குத் தெரியாது என்றேன். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் இல்லை.

கூட்டிச் சொல்ல வேறு ஆட்கள் இருந்தார்கள். மூன்றாம் நாள் கடைக்கு வந்த ஒருவர் பத்து கிலோவாம் என்றார். ஐந்தாம் நாள் அது முப்பது கிலோவாகி என்னிடமே திரும்பி வந்தது. 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவளே போன் செய்தாள். 'அண்ணாச்சி, எங்க வீட்ல வெள்ளி இருக்குன்னு ஊருக்குள்ள பேசுதாக. நேத்து ரெண்டு பேரு பைக்க மெதுவா ஓட்டிக்கிட்டு வீட்டையே பாத்துட்டுப் போறாக. அவரும் ஊர்ல இல்ல, பயமா இருக்கு. நீங்க குரூப்புல ஒரு வார்த்த போட்டுருங்க. நீங்க சொன்னா நம்புவாக.'

'போடுறேன்ம்மா, நீ தைரியமா இரு' என்றேன்.

எழுதவும் செய்தேன். 'மாரிச்செல்வி வீட்டில் வெள்ளி இல்லை. வதந்தியை நம்பாதீர்கள்.' அனுப்பப் போகும்போது ஒரு யோசனை வந்தது. இந்த வதந்தியை யார் கிளப்பியது என்று ஒருத்தர் கேட்டால்? கேட்கப் பழக்கியவனே நான்தான். சூர்யபிரகாஷும் அந்தக் குரூப்பில்தான் இருந்தான். அழித்துவிட்டேன். மறுநாளும் எழுதினேன், மறுநாளும் அழித்தேன். நீங்கள் என் போனை எடுத்துப் பார்த்தாலும் அது இருக்காது.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் மாமியார் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீடுகளிலும் ஆள் இல்லை. சூர்யபிரகாஷும் அவன் மச்சினனும் ஜாக்கெட் துணியோடு போனார்களாம். ட்ரங்குப் பெட்டியைத் திறந்தபோது இரண்டு கம்பளி, ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு இரும்பு மிஷின் தலை. வேறு எங்கோ மாற்றி வைத்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள். அவள் இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர்கள் நம்பவில்லை. அவளுடைய வலதுகை விரல்களைப் பற்றி ஆஸ்பத்திரி அறிக்கையில் இருப்பதை நீங்கள் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினீர்கள். அது அவ்வளவு விவரமாகத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அந்த நாற்பது விநாடி.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. போனில் மாரிச்செல்வி பெயர் வந்தது. எச்சில் கை என்பதால் இடதுகையால் எடுத்தேன். பேசியது சூர்யபிரகாஷ்.

'அண்ணாச்சி, இல்லவே இல்லங்குதா. உங்களுக்குத் தெரியும், உங்ககிட்ட கேக்கச் சொல்லி அழுதா. இருக்கா, இல்லையா?'

பின்னால் அவள் குரல் கேட்டது. 'அண்ணாச்சி, சொல்லுங்க அண்ணாச்சி' என்றாள். அவ்வளவு வலியிலும் என்மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

அந்த வீட்டில் வெள்ளி இல்லை என்று அவளைத் தவிர உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் நான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளை விட்டிருப்பார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் என் நிலையில் இருந்து பாருங்கள், மேடம். நான் இல்லை என்று சொன்னால், அன்றைக்குக் கடையில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அங்கிருந்து நேராக என் கடைக்கு வருவான். வந்தால்கூடப் பரவாயில்லை, ஆண்டிச்சாமி புரளி கிளப்பினான் என்று ஊரெல்லாம் பேசும். இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு பொய் சொன்னதில்லை.

'இருக்காம்லே' என்றேன்.

'இந்த ஆம் எல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? நேராச் சொல்லுங்க.'

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

'இருக்கு' என்றேன்.

நீங்கள் கேட்டது இதைத்தான். சொன்னேன். 'ஆம்' போடாமல்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டு, சாப்பிட்டுக் கை கழுவினேன்.

மறுநாள் காலையில் குரூப்பில் அவள் போட்டோவைப் போட்டு, வதந்தியை நம்பியவர்களால் ஒரு நல்ல உயிர் போய்விட்டது என்று எழுதினேன். அதற்குக் கீழே வழக்கம்போல மூன்று கேள்விகளையும் போட்டேன். முந்நூறு பேருக்கு மேல் கும்பிடு போட்டிருந்தார்கள். சூர்யபிரகாஷ் அந்த மூன்றில் ஒன்றையாவது என்னிடம் கேட்டிருக்கலாம்.