பன்னிரண்டு வாரமும் சைபர்

லிஜா: கைய அசைக்காதீங்க மாமா. ஊசி இப்பதான் குத்தினது.

யேசுதாசன்: நான் எங்க அசைக்கேன்? அது தன்னால போவுது.

லிஜா: எங்க போவுது? முதுகுக்கா?

யேசுதாசன்: கொசு.

லிஜா: டயாலிசிஸ் ரூம்புல, ஏசிக்குள்ள... கொசு?

யேசுதாசன்: டிக்கெட் எடுக்காம ஏறியிருக்கும். இருபத்தெட்டு வருசம் கண்டக்டரா இருந்தவன் நான். இந்த மாதிரி எத்தனை கொசுவ இறக்கிவிட்டிருப்பேன்!

லிஜா: சட்டைக்குப் பொறத்தால நெடுக்க ரத்தக்கோடு தெரியுது. கொசுவுக்கு நகம் உண்டோ?

யேசுதாசன்: ...பூனை.

லிஜா: ஓ, இப்பம் பூனையாச்சா!

யேசுதாசன்: ஏட்டி, நீ மெஷினப் பாக்க வந்தியா, எனக்க முதுகப் பாக்க வந்தியா?

லிஜா: நந்தனா டாக்டர் கேக்கச் சொன்னாவ. மருந்து சோதனை ஃபாரத்துல, சொறிச்சலுக்கு நேரா பன்னிரண்டு வாரமும் சைபர் போட்டிருக்கிய. சைபர்னா சொறிச்சலே இல்ல. பத்துன்னா தாங்கமுடியாது. தெரியும்லா?

யேசுதாசன்: தெரிஞ்சுதான் போட்டேன். மருந்து அப்பிடிக் கேட்டுது.

லிஜா: ம்ம்... அது என்ன மருந்துன்னாவது நினைவிருக்கா?

யேசுதாசன்: பின்ன? எனக்கே பஸ்ஸ வச்சுல்லா டாக்டர் பாடம் எடுத்தாவ! ரத்தத்துல புரதம்னு ஒரு பஸ்ஸு. சில விஷம் அதுல ஏறி, சீட்டப் பிடிச்சுட்டு உக்காந்துரும். பஸ்ஸு பெருசு, இந்த மெஷினுக்க ஃபில்டர்ல உள்ள ஓட்டை சின்னது. பஸ்ஸு அதுல நுழையாது. வெளிய நிக்க விஷத்த மட்டும் மெஷின் கோரிட்டுப் போவும். சீட்டுல இருக்கவன் நாலு மணிக்கூரும் அலுங்காம சுத்திட்டு வருவான்.

லிஜா: அந்த விஷந்தான் உங்க சொறிச்சலுக்கும் காரணமான்னு பாக்காவ...

யேசுதாசன்: நான் சொல்லி முடிக்கட்டும்டி! ரத்தம் ஃபில்டருக்குப் போறதுக்கு முன்ன இந்த மருந்த விட்டா, அது போயி சீட்டுல இடிச்சு உக்காரும். விஷம் எழும்பி இறங்கும். எனக்க ரூட்டுல அப்பிடி ஒரு மருந்து இருந்திருந்தா, இரணியல்ல இறங்க வேண்டியவன் குளச்சல் வரைக்கும் உறங்கிட்டு வந்திருப்பானா?

லிஜா: நல்லா படிச்சிருக்கிய. அப்பம் இதுக்கும் பதில் சொல்லுங்க. போன வாரம் எடுத்த ரத்தத்துல அந்த விஷம் கொஞ்சமும் குறையல்ல. சீட்டுல அப்பிடியே இருக்கு. சொறிச்சல் மட்டும் எங்க இறங்கிப் போச்சு?

யேசுதாசன்: ரத்தம் பொய் சொல்லும் மக்கா. மனுசன் சொல்லமாட்டான்.

லிஜா: மனுசனா! நேத்து மாமி ஃபோன் பண்ணினாவ. கட்டில் விரிப்பு பூரா ரத்தக்கறை, ஊறப்போட்டே கை தேஞ்சு போச்சுன்னு...

யேசுதாசன்: அவளுக்கு எதையும் பெருக்கித்தான் சொல்லத் தெரியும்.

லிஜா: உங்களுக்குக் குறைச்சுச் சொல்ல! எதுக்கு மாமா இந்த வேலை? டாக்டர் சங்கடப்படக்கூடாதுன்னா?

யேசுதாசன்: சங்கடப்பட அவிய என்ன எனக்க கொளுந்தியாளா? மருந்து பாஸ் ஆவணும், அம்பிட்டுதான். நான் ஒம்பது, பத்துன்னு எழுதினா, இது கேக்காத மருந்துன்னு தூரக் கடாசிருவாவல்லா?

லிஜா: ஆங்... அப்பம் பொய்தான்!

யேசுதாசன்: ...சவம், வாய் உளறிட்டு. விடு. நல்ல காரியத்துக்குச் சொன்ன பொய்தானே.

லிஜா: நல்ல காரியம்! இருங்க, கேளுங்க. மொத்தம் எட்டு பேரு. நாலு பேருக்கு மருந்து, நாலு பேருக்கு சும்மா உப்புத்தண்ணி. இத முதல்லயே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இன்னைக்குக் காலத்ததான் அத எழுதி ஒட்டி வச்சிருந்த கவரப் பிரிச்சோம்.

யேசுதாசன்: அத ஏன் கேக்க? எனக்கு மருந்து. அடுத்த கட்டில் பொன்னுலிங்கத்துக்கு உப்புத்தண்ணி. அவன் பேசுத பேச்சுக்கு அதுவே கூடுதல்.

லிஜா: மருந்து போனது அவருக்கு. ஒம்பதுல இருந்து மூணுக்கு வந்துட்டாரு.

யேசுதாசன்: ...அப்பம் எனக்கு?

லிஜா: பன்னிரண்டு வாரமும் உப்புத்தண்ணி. மருந்து ஏறினவரு மூணு, உப்புத்தண்ணி ஏறினவரு சைபர்! இத வாசிக்கவன் என்ன சொல்லுவான்? மருந்து எதுக்கு, உப்புத்தண்ணியே போதுமேன்னு சொல்லமாட்டானா? நல்லா பாஸ் ஆக்கிவிட்டிய மாமா!

யேசுதாசன்: டாக்டரக் கூப்பிடு மக்கா. எல்லா வாரமும் பத்துதான்னு நானே அவியகிட்ட சொல்லுகேன். ...பொய் எழுதினது எனக்காவ இல்லட்டி. எனக்க மவ ஜெஸ்பினுக்கு ஸ்கேன் எடுத்தோம். எனக்கு வந்த அதே நீர்க்கட்டி, ரெண்டு கிட்னியிலயும். அவ இந்தக் கட்டில்ல வந்து கிடக்கதுக்கு முன்ன மருந்து வந்துரட்டும்னுதான்... அவளுக்க அம்மைக்கு இன்னும் தெரியாது.